ஷிஜா வீட்டு வாசலில் நிற்கும் வேன்

திரவியத்திடம் ஒரு கோளாறு உண்டு. யாராவது முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சந்தோஷச் சிரிப்பு இல்லை. பயம் உள்ளே இருக்க முடியாமல் பல் வழியாக வெளியே வருகிற சிரிப்பு. வழியில் போலீஸ்காரர் கை காட்டி, எங்கே போகிறாய் என்று கேட்டால் போதும், திரவியம் பல்லைக் காட்டுவான். "எந்தா சிரிக்குந்நது?" என்பார் அவர். அப்புறம் ஸ்டெப்னி டயரைக் கீழே இறக்குவது வரைக்கும் சோதனை நடக்கும்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இப்படித்தான். குடிப்பழக்கம் உண்டா என்று மாமனார் கேட்டார். வாழ்க்கையில் கள்ளை முகர்ந்துகூடப் பார்க்காத திரவியம் இளித்தான். மாமனார் அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். உலகம்மைதான், சிரித்த முகமாக இருக்கிறான், இவனே போதும் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டாள். கட்டிய பிறகு அவள் ஒன்று கண்டுபிடித்தாள். இந்த மனிதன் பொய் சொல்லும்போதும் சிரிக்கிறான், உண்மை சொல்லும்போதும் சிரிக்கிறான். ஆகவே அந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

களக்காட்டுப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் திருவனந்தபுரம் வந்தவன் திரவியம். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்தான். அங்கே சாப்பிட வந்த லாரிக்காரர் ஒருவரோடு கிளீனராகப் போனான். பிறகு லைசென்ஸ் எடுத்து, ஊரான் வண்டிகளை ஓட்டி ஓட்டி, இரண்டாயிரத்து நாலு வாக்கில் சொந்தமாக ஒரு பழைய வேனை வாங்கினான். ஏழு பேர் உட்காரலாம். பெட்ரோல் வண்டி. கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் இன்ஜெக்‌ஷன், எல்லாம் எலெக்ட்ரானிக் என்று விற்றவன் பெருமையாகச் சொன்னான். அந்த மாடலைச் செய்வதைக் கம்பெனியே நிறுத்திவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கிழக்கேகோட்டையில் பத்மநாப சுவாமி கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பொன்முடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். மலைக்கு பஸ் குறைவு. விடிந்ததும் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். திரவியத்துக்கு நல்ல சவாரி. உலகம்மை வீட்டில் மாவு அரைத்து, கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மணக்காட்டில் வாடகை வீடு. குறை ஒன்றும் இல்லை.

அப்போதுதான் வேன் நிற்க ஆரம்பித்தது.

வித்துராவைத் தாண்டி, கல்லாற்றுக்குப் போகிற வழியில், ரோடு ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தில் ஒருநாள் வேன் இரண்டு தரம் இருமியது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. ஓரமாக உருண்டு நின்றது. நின்ற இடத்தில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, வண்டியிலிருந்த குழந்தைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஷிஜா என்று பெயர். போனக்காடு எஸ்டேட் லயத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழ் பேசினாள். புருஷன் மஸ்கட்டில் இருந்தான். அவள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். திரவியம் சும்மா சாவியைத் திருகிப் பார்த்தான். வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது.

அடுத்த சவாரியிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும் அதே இடம். ஷிஜா வீட்டு வாசலைத் தாண்டாது. அரைமணி நேரம் ஓய்வெடுத்துக்கொண்டால் நல்ல பிள்ளையாக மலையேறும், நல்ல பிள்ளையாக இறங்கும். ஷிஜாவும் வேன் வருகிற சத்தம் கேட்டாலே எலுமிச்சம்பழத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

திரவியம் வண்டியை மெக்கானிக் ஷிபுவிடம் கொண்டுபோனான். ஆற்றுகாலில் பட்டறை வைத்திருந்த ஷிபு கெட்டிக்காரன்தான். ஆனால் கண்ணெதிரே பழுதாகிற வண்டியைத்தான் யாரும் பழுது பார்க்க முடியும். இந்த வேன் பட்டறைக்கு வந்தால் மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி அடக்கமாக இருந்தது. ஷிபு ஃபில்டரை மாற்றினான். பிளக்கை மாற்றினான். டேங்கை இறக்கி, உள்ளே கிடந்த பெட்ரோல் பம்பையே எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். கோட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இனி நின்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றான். மறுநாள் வேன் ஷிஜா வீட்டு வாசலில் நின்றது.

இதையெல்லாம் திரவியம் வீட்டில் சொல்லாமலிருந்தான். வண்டி சரியில்லை என்றால் உலகம்மை கவலைப்படுவாள் என்பதுதான் காரணம். அது தப்பாகப் போயிற்று.

அக்ரஹாரத்தில் சாம்பசிவன் என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர். அவரும் மனைவி வாலாம்பாளும் சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகளோடு திரவியத்தின் வேனில் பொன்முடி போய் வந்தார்கள். மறுநாள் காலை மாவுத் தூக்கோடு வந்த உலகம்மையிடம் வாலாம்பாள் மாமி மனதாரப் புகழ்ந்தாள்.

"உங்காத்துக்காரர் என்னமா பொறுமைசாலி! வழியில வண்டி நின்னுடுத்து. அந்தாத்துப் பொண்ணு எலுமிச்சம்பழ ஜூஸ் குடுத்தா பாரு, தேவாமிர்தம்! பேரு கூட ஷிஜான்னா. மலை ஏறறச்சே எப்பவும் அந்தாத்து வாசல்லதான் நிக்குமாமே, இறங்கறச்சே நிக்காதாமே? அவளே சிரிச்சுண்டு சொன்னா."

உலகம்மை மாவை அளந்து ஊற்றினாள். வீட்டுக்கு வந்து திரவியத்தின் முன்னால் தட்டை வைத்து, இட்லியைப் போட்டு, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஷிஜா யாரு?"

திரவியம் சிரித்தான்.

"சிரிக்காதீய. யாருன்னு கேக்கேன்."

"அது ஒண்ணும் இல்லளா. வண்டி நிக்குது. நிக்கற எடத்துல அவ வீடு இருக்கு."

"கோட்டையிலேருந்து பொன்முடி வரைக்கும் எத்தன வீடு இருக்கு?"

"இருக்கும், நெறைய."

"அதுல ஒரு கெழவி வீட்டுல ஒங்க வண்டி நின்னுச்சா? ஒரு பள்ளிக்கூடத்துல நின்னுச்சா? ஒரு ரேஷன் கடையில? ஏறுறப்ப மட்டும் நிக்கும், எறங்குறப்ப நிக்காது. அவ வீட்டத் தாண்டாது. தாகத்துக்கு ஜூஸ் கெடைக்கும். இது வண்டியா, மாப்பிள்ளையா?"

திரவியத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய, சத்தியமாக ஒன்றுமில்லை என்றான். இப்படிச் சத்தியம் செய்கிற ஆளை எந்த மனைவிதான் நம்புவாள்?

அன்றே உலகம்மை ஆற்றுகாலுக்குப் போய் ஷிபுவைப் பிடித்தாள். வண்டி நிற்பது உண்மையா, இல்லை இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதையா என்று கேட்டாள். ஷிபு நெஞ்சில் கை வைத்தான்.

"சேச்சி, சத்யம் பறையாம். என் முன்னாடி அது ஒரு தடவை கூட நின்னதில்ல. அண்ணன் சொல்றதுதான். நான் கேட்டு கேட்டு பார்ட்ஸ் மாத்துறேன்."

புருஷனுக்கு எதிரான சாட்சி ஒன்று கூடிவிட்டதை உலகம்மை குறித்துக்கொண்டாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். திங்கட்கிழமை சவாரி வேண்டாம். மூன்று பேரும் வேனில் போகவேண்டியது. நிற்கிறதா, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கவேண்டியது. ஷிபுவுக்கும் அது சரியாகப் பட்டது. நிற்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்தால்தானே எதையும் பிடிக்க முடியும். பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப், கொஞ்சம் வயர், ஸ்பானர் எல்லாம் எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை திரவியம் உற்சாகமாகத்தான் இருந்தான். இத்தனை நாள் வண்டி நின்றதற்கு வருத்தப்பட்டவன், இன்றைக்கு ஒழுங்காக அதே இடத்தில் நிற்கவேண்டுமே என்று பத்மநாப சுவாமியை வேண்டிக்கொண்டு கியர் போட்டான்.

நெடுமங்காடு வந்ததும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று உலகம்மை கத்தினாள். சந்தை கூடியிருந்தது. சாளை மீன் வெள்ளி வெள்ளியாகக் குவிந்து கிடந்தது. புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற வழியானாலும், மணக்காட்டு விலையில் பாதிக்கு மீன் கிடைக்கும்போது விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. திரும்பும்வரை கெடாமலிருக்க மீன்காரியிடம் சண்டை போட்டு ஒரு பை நிறைய ஐஸ் வாங்கினாள். மரச்சீனிக் கிழங்கு வாங்கினாள். மண்சட்டிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தாள். வேன் புளியமரத்து நிழலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றது.

வித்துரா தாண்டியது. ரப்பர் தோட்டம் வந்தது. ஏற்றம் வந்தது. "இப்பம் பாரு. இப்பம் இருமும்" என்றான் திரவியம்.

வேன் இருமவில்லை. அதற்கு இதைப்போல ஆரோக்கியம் என்றைக்கும் இருந்ததில்லை. தேன் ஒழுகுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறியது. சத்தம் கேட்டு ஷிஜா வழக்கம்போல ஒரு கையில் கூஜாவும் மறு கையில் தம்ளர்களுமாக வாசலுக்கு ஓடி வந்தாள். வேன் அவளைக் கடந்து போயிற்று. அவள் கூஜாவோடு ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உலகம்மையும் கண்ணாடி வழியாக அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த வீடு ஒரு வளைவில் மறைந்தது.

"நான் ஏறினா நிக்காது, அப்படித்தான?" என்றாள் உலகம்மை கடைசியில்.

திரவியம் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அழுகை பாதி இருந்தது. பின்சீட்டில் ஷிபு ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களை மிகவும் கவனமாகப் பார்த்தான்.

கல்லாறு தாண்டி மலை வளைவுகள் ஆரம்பித்தன. மூன்றாவது வளைவோ நான்காவதோ, ஏறிக்கொண்டிருக்கும்போதே வேன் ஒரு தரம் இருமியது. இன்னொரு தரம் இருமியது. பாறை ஓரமாக உருண்டு நின்றது.

திரவியம் கதவைத் திறந்து குதித்து, ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினான். "நின்னுட்டு! ஏளா, நின்னுட்டு பாரு! இங்க வீடு இருக்கா? ஜூஸ் இருக்கா? யாரு இருக்கா இங்க, சொல்லு!"

அங்கே பாறைமேல் ஒரு குரங்கு மட்டும் இருந்தது. அது பெண் குரங்கு என்பதை உலகம்மை கவனித்தாள், ஆனால் சொல்லவில்லை.

ஷிபு வேலையை ஆரம்பித்தான். சாவியைத் திருகச் சொல்லிவிட்டு டேங்குப் பக்கம் காதை வைத்தான். நல்ல நாளில், சாவி திருகியதும் டேங்குக்குள்ளே பம்ப் 'கொர்' என்று ஒரு நொடி முனகும். இப்போது மூச்சே இல்லை. ஃப்யூஸ் சரியாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துப் பம்புக்குக் கொடுத்துப் பார்த்தான். பம்ப் கொர்ரென்று ஓடியது.

"பம்ப் பிழைச்சிருக்கு. அதுக்குக் கரண்ட் வரல" என்றான் ஷிபு. "கரண்ட் வர்ற வழியில பின்னாடி ஒரு பெட்டி உண்டு. பம்ப் எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் தீர்மானிக்கும். மாட்யூல்னு பேரு. அதைப் பார்க்கணும்."

பின்சீட்டுக்குப் பின்னால், இடதுபக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பெட்டி தெரியவில்லை. துணி தெரிந்தது. ஷிபு இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. முழு நீளத்துக்கு ஒரு பழைய நூல் சேலை, அதற்குப் பின்னால் இன்னொரு சேலை.

"இது யாரு இங்க திணிச்சது?"

உலகம்மை குரங்கைப் பார்த்தாள். வண்டி வாங்கிய புதிதில், பின்பக்கத் தகடு கடகடவென்று அடிக்கிறது, காது வலிக்கிறது என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் தன் சேலைகளைத் திணித்து வைத்திருந்தாள். திரவியத்துக்கு அது நன்றாக நினைவிருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. ஷிபு அவன் முகத்தைப் பார்த்தான். முகத்துக்கு நேரே கேள்வி வந்துவிட்டதால் திரவியம் சிரித்தான். "அண்ணா, அண்ணனுக்குப் புத்தி இல்லையா?" என்றான் ஷிபு. திரவியம் அதையும் வாங்கிக்கொண்டான்.

சேலைக்குப் பின்னால் இருந்தது சோப்புக் கட்டி அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. தொட்ட விரலை ஷிபு உதறினான். அவ்வளவு சூடு. டெஸ்ட் லாம்பை உள்ளே வருகிற வயரில் வைத்தான், பல்ப் எரிந்தது. வெளியே போகிற வயரில் வைத்தான், எரியவில்லை.

"கிட்டிப் போச்சு!" என்று ஷிபு கத்தினான். "சேச்சி, சேலை மூடி காத்துப் போகாம வெந்து வெந்து, உள்ளே ஏதோ சால்டரிங் விட்டிருக்கு. சூடானா விலகும், ஆறினா ஒட்டும். கோட்டையிலிருந்து நிறுத்தாம வந்தா, அந்த ரப்பர் தோட்டத்து ஏத்தத்துல சூடு முழுசாகும். இன்னிக்கு நீங்க மீன் வாங்கின நேரம் அது ஆறிடுச்சு. அதனால இங்க வந்து நிக்குது. வண்டிக்கு வீடும் தெரியாது, பொண்ணும் தெரியாது."

உலகம்மை யோசித்தாள். "ஆறினா ஓடும்னு சொல்லுதியே, அப்பம் இப்பமே ஆத்திக் காட்டு."

ஆற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். மீன் பை இருந்தது. வயரில் ஈரம் படாமல், ஐஸை இன்னொரு பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி ஷிபு பெட்டியின்மேல் அழுத்திப் பிடித்தான். பையோடு நாலைந்து சாளையும் வந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "சாவி போடு" என்றான். டேங்குக்குள் கொர்ரென்று சத்தம் கேட்டது. எஞ்சின் எடுத்த எடுப்பில் கிளம்பியது. ஐஸை எடுத்துவிட்டு இரண்டு வளைவு ஏறினார்கள், நின்றது. ஐஸை வைத்தார்கள், ஓடியது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. வண்டியைத் திருப்பினார்கள்.

வண்டி விஷயம் தீர்ந்தது. உலகம்மையின் விஷயம் தீரவில்லை. இறங்குகிற வழியில் ஷிஜா வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். "வண்டி நிக்காட்டி நீங்க நிறுத்துங்க" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். திரவியம் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஷிஜா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். உலகம்மை வாயைத் திறக்குமுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சிதானே அண்ணனோட வீட்டுக்காரி? ஐயோ, கடவுளாப் பாத்து அனுப்பினாரு! சேச்சி, எப்படியாவது இந்த வண்டியை நன்னாக்குங்க. எனக்கு இங்க ஜீவிக்க முடியல. என் மாமியார் தினம் கேக்குறாங்க, அந்த வேன் ஏன் நம்ம வாசல்ல மட்டும் நிக்குதுன்னு. மஸ்கட்டுக்கு போன்ல சொல்லிட்டாங்க. அவரு போன்ல விளிச்சு விளிச்சு சண்டை. இன்னிக்கு நிக்காம போனீங்களா, இப்பம் மாமியார் கேக்குறாங்க, உங்களுக்குள்ள என்ன பிணக்குன்னு!"

உள்ளே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு கிழவி முகம் இவர்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

உலகம்மை பேச வந்ததெல்லாம் தொண்டையிலேயே திசை மாறியது. விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போனாள். "பாட்டி, நான் அந்த ஆளோட பொஞ்சாதி. வண்டியில ஒரு பெட்டி கெட்டுப் போச்சு. சூடானா நிக்கும். ஒங்க மருமக தங்கம். மஸ்கட்டுக்குப் போன் போட்டு நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். கிழவிக்குப் புரிந்ததோ இல்லையோ, ஷிபு மலையாளத்தில் இன்னொரு தரம் சொன்னான். ஆதாரத்துக்கு அவளை வேன்வரை கூட்டி வந்து பெட்டியையும் காட்டினான். சாளையில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போயிற்று. வேனுக்குத் திரும்பியதும் உலகம்மை புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொம்பளைக்கு எவ்வளவு கெட்ட பேரு வாங்கிக் குடுத்திருக்கிய! வெக்கமா இல்ல?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பு தன்மேல்தான் வரும் என்பதைத் திரவியம் அன்றைக்கு ஏற்றுக்கொண்டான்.

புது மாட்யூலுக்கு ஆர்டர் கொடுத்தால் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. நாகர்கோவிலில் உடைந்த வண்டிகள் பிரிக்கிற யார்டு ஒன்றில் இதே மாடல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஷிபுவும் திரவியமும் பஸ் ஏறிப் போனார்கள். முதலில் கழற்றி வந்தது பார்க்க அச்சு அசல் அதேதான். ஆனால் வயர் செருகுகிற வாயில் ஒரு பின் குறைவு. திரும்பவும் பஸ் ஏறினார்கள். இரண்டாவது யார்டில் கிடைத்தது சரியாகப் பொருந்தியது. பழைய பெட்டியின் போல்ட் இரண்டும் துருவேறி, கழற்றுவதற்குள் ஒன்று முறிந்தது, ஷிபுவின் விரல் முட்டியில் தோல் போயிற்று. மாற்றுப் பெட்டியைத் தகட்டோடு ஒட்டாமல், நடுவே வாஷர்கள் கொடுத்து, காற்று போக இடம் விட்டு முடுக்கினான். "இங்கே இனி கைக்குட்டை கூட வைக்கக்கூடாது" என்று திரவியத்தைப் பார்த்துச் சொன்னான். உலகம்மை பலமாகத் தலையாட்டி ஆமோதித்தாள்.

முதல் சவாரி சாம்பசிவன் வீட்டுக்கே அமைந்தது. அவருக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வேன் எங்கேயும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் வாலாம்பாள் மாமி குறைப்பட்டுக்கொண்டாள். "என்னப்பா திரவியம், இன்னிக்கு ஜூஸ் இல்லையா? இவாகிட்ட அதைச் சொல்லித்தானே அழைச்சுண்டு வந்தேன்!"

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் உலகம்மை எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு வந்து வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். திரவியம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

"இத்தன வருசமா ஊர்க்காரங்கள எல்லாம் கூட்டிட்டுப் போறிய. நான் பொன்முடி பாத்ததே இல்ல" என்றாள்.

அது உண்மைதான். திரவியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைய சவாரியை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு வளைவிலும் இது முந்தைய வளைவிலிருந்து எப்படி வேறு, எங்கே கியர் மாற்றவேண்டும், எங்கே மாற்றக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஏறினான். மேலே போனபோது மூடுபனி. வண்டியின் முன்கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உலகம்மை இறங்கி நாலு எட்டு நடந்தாள், குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இந்த வெள்ளையைப் பாக்கவா ஆளுக இவ்வளவு தூரம் வாராங்க?"

"கொஞ்சம் இரு. வெலகும். வெலகினா கடல் வரைக்கும் தெரியும்."

கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பனி விலகுகிற மாதிரி இல்லை. திரவியம், கண்ணுக்குத் தெரியாத கடல் எந்தப் பக்கம் இருக்கிறது, தேயிலைத் தோட்டம் எந்தப் பக்கம் சரிகிறது என்று வெள்ளையைக் கை காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். உலகம்மை அவன் காட்டிய பக்கமெல்லாம் பார்த்தாள். மத்தியானம் ஆயிற்று. கிளம்பலாமா என்று அவன் கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்றாள் அவள்.